'இதில் மேக்ரோ இருக்கிறது' என்று டிரா சொன்னால்

ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு சின்ன டிடிபி கடை. வாசலில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரியும். ஆரம்பத்தில் விவசாயக் கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், காதுகுத்துப் பத்திரிகை, ஜெராக்ஸ் என்றுதான் பிழைப்பு ஓடியது. 2004-இல் ஹைகோர்ட் கிளை பக்கத்தில் வந்த பிறகு வக்கீல் குமாஸ்தாக்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களோடு இட வரைபட வேலையும் வந்தது. பாகப்பிரிவினை, பாதைத் தகராறு, பொதுச்சுவர், கிணற்றுப் பங்கு என்று எந்த வழக்காக இருந்தாலும் ஒரு ஸ்கெட்ச் கேட்பார்கள். சர்வேயர் போடுகிற துல்லியம் வேண்டாம். வடக்கு எந்தப் பக்கம், யார் வீடு எங்கே, பாதை எத்தனை அடி என்று பார்த்தவுடன் புரிய வேண்டும், அவ்வளவுதான். அதை நான் லிப்ரே ஆபிஸ் டிரா என்ற வரையும் மென்பொருளில் போடுகிறேன். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.

குமாஸ்தாக்கள் பழைய ஸ்கெட்ச் பைலைப் பென் டிரைவில் கொண்டுவந்து, "அக்கா, இதுல கிழக்குப் பக்கம் மட்டும் மாத்திக் குடுங்க" என்பார்கள். திறந்தால் மேலே மஞ்சள் பட்டை ஒன்று நிற்கும். இந்த ஆவணத்தில் மேக்ரோ இருக்கிறது, பாதுகாப்பு அமைப்பின்படி அது முடக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் சொல்லும். பழைய பதிப்புகளில் இது பட்டையாக வராது, ஒரு பெட்டியாக வந்து 'ஓகே' மட்டும் கேட்கும். பார்த்ததும் குமாஸ்தாவுக்கு முகம் மாறிவிடும். "வைரஸாக்கா?"

வைரஸ் என்று டிரா சொல்லவில்லை. இந்தப் படத்துக்குள் படம் மட்டுமில்லை, தானாக ஓடக்கூடிய ஒரு சின்ன நிரலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இதை எழுதியவரை எனக்குத் தெரியாது, அதனால் ஓடவிடவில்லை என்றுதான் சொல்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அது படித்துப் பார்ப்பதில்லை. நல்ல மேக்ரோவுக்கும் இதே பட்டைதான், கெட்டதற்கும் இதே பட்டைதான். வீட்டு வாசலில் புது ஆள் நின்றால் நாய் குரைக்கிற மாதிரி. தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும்.

அதனால் பட்டை வந்தவுடன் எதையும் அழுத்தாதீர்கள். படத்தைப் பாருங்கள். மேக்ரோ ஓடாவிட்டாலும் கோடு, பெட்டி, எழுத்து, அம்புக்குறி எல்லாம் அப்படியே இருக்கும். கோட்டை நகர்த்தலாம், எழுத்தை மாற்றலாம், பிரிண்ட் எடுக்கலாம், பிடிஎஃப் ஆக்கலாம். இதில் எதற்கும் மேக்ரோ தேவையில்லை. வந்த வேலை இவ்வளவுதான் என்றால் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு பைலை மூடுங்கள். பாதிக்கு மேற்பட்ட நாட்கள் நான் செய்வது அதைத்தான்.

ஆனால் ஒரு இடத்தில் வழுக்கும். நான் வழுக்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் மதியம், கரண்ட் போய் வந்த நேரம். ஒரு குமாஸ்தா அவசரமாக வந்தார். வேறு எங்கோ போட்ட ஸ்கெட்ச். 30 அடிக்கு 40 அடி மனை. "கிழமேல் 33 அடியாம், தப்பாப் போட்டுட்டாங்க, மாத்திக் குடுங்க" என்றார். வழக்கம்போல மஞ்சள் பட்டை. வழக்கம்போல நான் அதைச் சட்டை செய்யவில்லை. பெட்டியை இழுத்து அகலமாக்கினேன், '30 அடி' என்பதை '33 அடி' என்று மாற்றினேன், மூன்று செட் பிரிண்ட் கொடுத்தேன். அவர் வாசலில் நின்றபடியே செல்போனில் பெருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மனைக்கு நடுவில் '1200 சதுர அடி, 2.75 சென்ட்' என்று அப்படியே இருந்தது. 33-ஐ 40-ஆல் பெருக்கினால் 1320. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்றால் 3.03 சென்ட் வர வேண்டும்.

பிறகு உள்ளே பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த வரியைக் கையால் தட்டவில்லை, மேக்ரோதான் எழுதியிருக்கிறது. டிராவுக்குள் எல்லா நீளமும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் கணக்காகும். அந்த ஸ்கெட்ச் போட்டவர் ஒரு அடிக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்திருந்தார். அப்படியென்றால் 30 அடி மனை காகிதத்தில் 60 மில்லிமீட்டர், மேக்ரோவின் கண்ணுக்கு 6000. அது பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் எடுத்து, 200-ஆல் வகுத்து அடியாக்கி, பெருக்கி, 435.6-ஆல் வகுத்து, விடையை நடுவில் உள்ள எழுத்துப் பெட்டியில் போடும். அருமையான வேலைதான். ஆனால் மேக்ரோ முடங்கியிருந்ததால் பெட்டி 33 அடிக்கு நகர்ந்தது, எழுத்து பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

மேக்ரோவை முடக்கினால் படம் கெடாது, மேக்ரோ எழுதிய எண்கள் பழசாகவே நிற்கும். இன்றைக்கு வரை பட்டை தெரிந்தால் முதலில் படத்தில் உள்ள ஒவ்வொரு பரப்பளவையும், கூட்டுத்தொகையையும், தேதியையும் கால்குலேட்டரில் சரிபார்த்துவிட்டுத்தான் பிரிண்ட் பட்டனைத் தொடுகிறேன். மூன்று செட் பேப்பர் காசு போனது பெரிதில்லை. அது அப்படியே மனுவோடு போயிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தீபாவளி.

உள்ளே எட்டிப் பார்ப்பது

மேக்ரோவைப் படிக்க அதை ஓடவிட வேண்டும் என்பதில்லை. முடக்கிய நிலையிலேயே 'டூல்ஸ்' மெனுவில் 'மேக்ரோஸ்', அதில் 'எடிட் மேக்ரோஸ்' போனால் இடது பக்கம் ஒரு மரம் போல வரிசை வரும். 'மை மேக்ரோஸ்' என்பது உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது. 'லிப்ரே ஆபிஸ் மேக்ரோஸ்' (புதிய பதிப்புகளில் 'அப்ளிகேஷன் மேக்ரோஸ்') என்பது மென்பொருளோடு வந்தது. அதற்குக் கீழே, திறந்திருக்கும் பைலின் பெயர் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான். அதை விரித்தால் 'ஸ்டாண்டர்ட்' என்ற நூலகம், அதற்குள் பெரும்பாலும் 'மாடூல்1' என்ற நிரல் துண்டு. அதை இரட்டைக் கிளிக் செய்தால் வலது பக்கம் நிரல் தெரியும்.

நான் நிரல் எழுதப் படித்தவள் இல்லை. படிக்கவும் தேவையில்லை, எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால் போதும். 'ஷெல்' என்ற சொல் இருந்தால் அது டிராவுக்கு வெளியே வேறு ஒரு புரோகிராமை ஓடவிடப் போகிறது. 'சிஸ்டம் ஷெல் எக்ஸிகியூட்' என்று சேர்த்து எழுதியிருந்தாலும் அதே கதை. 'கில்' என்று இருந்தால் பைலை அழிக்கப் போகிறது. இணைய முகவரி இருந்தால், ஒரு மனை ஸ்கெட்சுக்கு இணையத்தில் என்ன வேலை என்று கேளுங்கள். புரியாத எழுத்துகள் வரிசை வரிசையாக, ஒரு சொல்கூட வாசிக்க முடியாமல் குவிந்து கிடந்தால் யாரோ வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள். நூலகத்துக்கே பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருந்தால் நான் அந்த பைலில் மேக்ரோவை ஓடவிடுவதே இல்லை. நல்ல எண்ணத்தில் பூட்டியிருக்கலாம், இருக்கட்டும், எனக்கு அவர் யாரென்று தெரியாதே.

மாறாக பக்கம், செவ்வகம், இடம், அளவு, எழுத்து என்று வரைவது சம்பந்தமான ஆங்கிலச் சொற்களாகவே கண்ணில் பட்டால் பெரும்பாலும் அந்த மனை அளவு மாதிரி ஏதாவது கணக்காகத்தான் இருக்கும்.

பல நேரம் உள்ளே ஒன்றுமே இருக்காது. 'சப் மெயின்' என்று ஒரு வரி, 'எண்ட் சப்' என்று ஒரு வரி, நடுவில் காலி. யாரோ ஒருமுறை மேக்ரோ ஜன்னலைத் திறந்து, தெரியாமல் 'நியூ' அழுத்தியிருப்பார். காலி மாடூல் இருந்தாலும் டிராவுக்கு அது மேக்ரோதான், பட்டை வரும். எங்கள் தொழிலில் யாரும் புது பைல் தொடங்குவதில்லை. பழைய ஸ்கெட்சைத் திறந்து, பெயர் மாற்றிச் சேமித்து, அதிலேயே வேலை பார்ப்போம். ஒரு தாய் பைல், அதற்கு நூறு குட்டிகள். எவரோ எப்போதோ அழுத்திய அந்த 'நியூ' எல்லாக் குட்டிக்குள்ளும் இருக்கும். டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்தாலும் இதே கதிதான்.

லிப்ரே ஆபிஸிலேயே எழுத்து வேலைக்கான ரைட்டரிலும் கணக்கு அட்டவணைக்கான கால்க்கிலும் செய்வதை அப்படியே பதிவு செய்து மேக்ரோ ஆக்கும் ரெக்கார்டர் உண்டு. டிராவில் அது கிடையாது. எனவே டிரா பைலில் நிறைய வரிகளோடு ஒரு மேக்ரோ இருந்தால் அது தற்செயலாக வந்ததில்லை, ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் அல்லது எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்.

பைலைத் திறக்கவே பயமாக இருந்தால் இன்னொரு வழி. டிரா சேமிக்கும் ஓடிஜி பைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. அந்த மூட்டையைப் பிரிக்கும் செவன் ஜிப் மென்பொருள் போட்டிருந்தால் பைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஆர்க்கைவ்' கொடுங்கள். உள்ளே படம் இருக்கும் கன்டென்ட், ஸ்டைல்ஸ் முதலிய பைல்கள் தெரியும். அவற்றோடு 'பேசிக்' அல்லது 'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பெயரில் ஃபோல்டர் இருந்தால் அதுதான் மேக்ரோ வீடு. பார்ப்பதோடு நிறுத்துங்கள். அங்கேயே அந்த ஃபோல்டரை அழித்தால், மூட்டைக்குள் இருக்கும் பொருள் பட்டியலும் பொருளும் ஒத்துப்போகாமல், பைல் கெட்டிருக்கிறது, சரிசெய்யவா என்று டிரா புதிதாக ஒரு கேள்வி கேட்க வாய்ப்பு உண்டு. ஒரு பட்டையை ஒழிக்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்வானேன்.

எடுத்துப் போடுவது

கோர்ட்டுக்குப் போகிற ஸ்கெட்சுக்கு மேக்ரோ தேவையே இல்லை. கணக்கு முடிந்து எண் சரியாகிவிட்டால் மேக்ரோவின் வேலை முடிந்தது. அதனால் நான் பாதுகாப்பைத் தளர்த்துவதில்லை, மேக்ரோவைக் கழற்றிவிடுகிறேன்.

முதலில் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் ஒரு பிரதி. மூலத்தை மாற்றாதீர்கள், நாளைக்கு யாராவது கேட்பார்கள். பிறகு 'டூல்ஸ்', 'மேக்ரோஸ்', 'ஆர்கனைஸ் மேக்ரோஸ்', 'பேசிக்' என்று போங்கள். வரும் ஜன்னலில் 'ஆர்கனைசர்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் மாடூல், டயலாக், லைப்ரரி என மூன்று தாள்கள். மாடூல் தாளில் உங்கள் பைலின் பெயரை விரித்து, மாடூலைத் தேர்ந்தெடுத்து 'டெலீட்'. கண் மங்கலில் 'மை மேக்ரோஸ்' கீழ் இருப்பதை அழித்துவிடாதீர்கள், அது உங்கள் சொந்தச் சரக்கு. டயலாக் தாளிலும் அதே. லைப்ரரி தாளில் இடம் என்ற பெட்டியில் உங்கள் பைலைத் தேர்ந்தெடுத்தால், 'ஸ்டாண்டர்ட்' தவிர வேறு நூலகம் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் அதையும் அழியுங்கள். 'ஸ்டாண்டர்ட்' அழியாது, காலியாக இருந்தால் அதனால் தொந்தரவும் இல்லை. சேமித்து, மூடி, திரும்பத் திறந்து பாருங்கள்.

அப்படியும் பட்டை வந்தால்? படத்தில் பட்டன் மாதிரி ஏதாவது வைத்து அதற்கு மேக்ரோ கட்டியிருப்பார்கள். அந்தப் பட்டனை அழியுங்கள். 'டூல்ஸ்', 'கஸ்டமைஸ்' போய் 'ஈவண்ட்ஸ்' தாளில், சேமிக்கும் இடமாக உங்கள் பைலைத் தேர்ந்தெடுத்து, 'பைல் திறக்கும்போது' போன்ற வரிகளுக்கு எதிரே ஏதாவது மேக்ரோ பெயர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'ரிமூவ்'. பைத்தான் என்ற வேறு நிரல் மொழியில் எழுதிய மேக்ரோ இந்த பேசிக் ஜன்னலில் தெரியாது, மேலே சொன்ன ஜிப் வழியில்தான் நான் கண்டுபிடிப்பேன்.

இதெல்லாம் வேண்டாம், தலை சுற்றுகிறது என்றால் பாமர வழி ஒன்று உண்டு. புதிதாக வெற்று டிரா பைல் ஒன்று திறந்து, பக்க அளவைப் பழையது மாதிரியே வைத்து, பழைய பக்கத்தில் கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி, புதியதில் கன்ட்ரோல் வி. பக்கத்துக்குப் பக்கம் இப்படி ஒட்டினால் படம் வரும், மேக்ரோ வராது. ஒரு பக்க ஸ்கெட்சுக்கு இதுவே வேகம். பத்துப் பக்க லேஅவுட்டுக்குச் செய்யாதீர்கள், எங்காவது ஒரு பக்கம் விட்டுப்போகும்.

'லோ'வில் வைத்த தம்பி

ஒருநாள் பென் டிரைவ் பைல் ஒன்றைத் திறந்தால் பட்டையே வரவில்லை. முந்தின வாரம் அதே பைலுக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. கடையில் சாயங்காலம் வந்து உதவும் தம்பியைக் கேட்டேன்.

"அது வந்து தொல்லையா இருந்துச்சுக்கா, லோல வச்சுட்டேன். இப்ப ஒண்ணுமே கேக்காது."

"எப்ப வச்ச?"

"பொங்கலுக்கு முன்னாடி."

அப்போது ஆடி மாதம். ஆறு மாதத்துக்கு மேல், ஊரில் உள்ள எல்லாப் பென் டிரைவும் அந்தக் கம்ப்யூட்டரில் கேள்வி முறை இல்லாமல் நுழைந்து போயிருக்கிறது. நல்லவேளை எதுவும் ஆகவில்லை. ஆகவில்லை என்றுதான் நம்புகிறேன்.

அவன் தொட்ட இடம் இதுதான். 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'லிப்ரே ஆபிஸ்', 'செக்யூரிட்டி', அதில் 'மேக்ரோ செக்யூரிட்டி' பட்டன். மேக் கம்ப்யூட்டரில் 'லிப்ரே ஆபிஸ்' மெனுவுக்குக் கீழே 'ப்ரிஃபரன்ஸஸ்' என்று இருக்கும். நான்கு நிலைகள். 'வெரி ஹை' என்றால் நீங்கள் குறித்துவைத்த ஃபோல்டரில் உள்ள பைல்களின் மேக்ரோ மட்டுமே ஓடும். 'ஹை' என்றால் அதோடு, நீங்கள் நம்புவதாகச் சேர்த்தவரின் டிஜிட்டல் கையெழுத்து உள்ளதும் ஓடும், மற்றது முடங்கும். மென்பொருளைப் போட்டதும் இருப்பது இந்த நிலைதான். 'மீடியம்' என்றால் ஒவ்வொரு முறையும் ஓடவிடவா, முடக்கவா என்று உங்களையே கேட்கும். 'லோ' என்றால் எதையும் கேட்காமல் எல்லாம் ஓடும். அதற்குப் பக்கத்திலேயே பரிந்துரைக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. தம்பி அதைப் படிக்கவில்லை.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், இந்த நிலை டிராவுக்கு மட்டும் உரியதல்ல. டிராவுக்காக 'லோ' வைத்தால் ரைட்டருக்கும் கால்க்குக்கும் அதேதான். வாட்ஸ்அப்பில் வரும் யாரோ ஒருவருடைய எக்செல் பைலைக் கால்க்கில் திறந்தால் அதற்கும் கதவு திறந்திருக்கும். மனை ஸ்கெட்சுக்குத் தொல்லை இல்லாமல் இருக்கப் போய் கடைக் கணக்குப் புத்தகத்தைத் திறந்துபோட்ட கதை.

டிரா பைலுக்கு யார் மெனக்கெட்டு வைரஸ் எழுதப் போகிறார்கள் என்று தம்பி கேட்டான். எழுதியிருக்கிறார்கள். 2007 மே மாதம் 'பேட்பன்னி' என்று ஒன்று வந்தது. அது வந்ததே ஒரு ஓடிஜி பைலாக, லிப்ரே ஆபிஸின் முன்னோடியான ஓப்பன் ஆபிஸின் டிரா படமாகத்தான். விண்டோஸில் ஒரு விதமாக, மேக்கில் ஒரு விதமாக, லினக்ஸில் வேறு விதமாக என்று மூன்றுக்கும் தனித்தனி நிரல் உள்ளே வைத்திருந்தார்கள். முயல் வேடம் போட்ட ஒரு ஆளின் அசிங்கமான படத்தையும் காட்டியதாம். பெரிதாகப் பரவவில்லை, செய்து காட்ட முடியும் என்று காட்டுவதற்காக எழுதியது. ஆனால் செய்து காட்டிவிட்டார்கள் அல்லவா.

இன்னொன்று, எச்சரிக்கையே வராமல் ஓடும் ஓட்டைகளும் இருந்திருக்கின்றன. லிப்ரே ஆபிஸோடு வரும் லிப்ரே லோகோ என்ற கருவி வழியாக அப்படி ஒன்று இருந்ததை 2019-இல் வந்த பதிப்புகளில் அடைத்தார்கள். எனவே 'ஹை'யில் வைத்துவிட்டேன் என்று பழைய பதிப்பையே கட்டிக்கொண்டு அழாதீர்கள். இலவசம்தானே, புதுப்பியுங்கள்.

நிலையை மாற்றினால் ஏற்கெனவே திறந்திருக்கும் பைலுக்கு அது ஒட்டாது. மூடித் திறக்க வேண்டும். தம்பி முதலில் மாற்றிவிட்டு "வேலை செய்யலக்கா" என்று நான்கு முறை மாற்றி மாற்றிப் பார்த்தானாம்.

மேக்ரோ வேண்டும்தான் என்றால்

எனக்கே ஒரு மேக்ரோ வேண்டியிருந்தது. அந்த மனை அளவு மேக்ரோ எனக்குப் பிடித்துப்போனதால், போட்டவரைக் குமாஸ்தா மூலம் கேட்டு, வாங்கி வைத்துக்கொண்டேன். தினமும் சென்ட் கணக்கு போடுகிறவளுக்கு அது இல்லாமல் முடியாது.

இதற்குச் சிறந்த வழி, மேக்ரோவை ஸ்கெட்சுக்குள் வைக்காமல் 'மை மேக்ரோஸ்' பக்கம் வைப்பது. 'எடிட் மேக்ரோஸ்' ஜன்னலில் நிரலை முழுதாகக் காப்பி செய்து, 'மை மேக்ரோஸ்' கீழ் 'ஸ்டாண்டர்ட்' நூலகத்தில் புது மாடூல் போட்டு ஒட்டினேன். பைலில் இருந்ததை அழித்தேன். இப்போது எந்த ஸ்கெட்சைத் திறந்தாலும் என் மேக்ரோ ஓடும், அதற்காகப் பட்டை வராது, வெளியே போகும் பைலும் சுத்தம். நிலை 'ஹை'யில்தான் இருக்கிறது. 'மை மேக்ரோஸ்' பக்கம் இருப்பதை டிரா கேள்வி கேட்பதில்லை. அதனாலேயே வரி வரியாகப் பார்க்காத எதையும் அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

மேக்ரோ பைலுக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்றால் ஒரு ஃபோல்டரை நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். அதே 'மேக்ரோ செக்யூரிட்டி' ஜன்னலில் 'டிரஸ்டட் சோர்ஸஸ்' தாள், கீழ்ப் பகுதியில் ஃபோல்டர் சேர்க்க 'ஆட்'. அதற்காகவே தனியாக ஒரு ஃபோல்டர் போடுங்கள். நான் 'சொந்தம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். அதற்குள் இருக்கும் உள்ஃபோல்டர்களுக்கும் அந்த நம்பிக்கை சேர்ந்தே போகும் என்பதால் டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், முழு டி டிரைவ், பென் டிரைவ் எழுத்து இவற்றைச் சேர்க்கவே கூடாது. ஊர்ச் சாமான் எல்லாம் வந்து இறங்கும் இடம் அவை.

டிஜிட்டல் கையெழுத்து வழியும் உண்டு, 'டூல்ஸ்', 'மேக்ரோஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்'. கையெழுத்துப் போட்ட பிறகு மேக்ரோவை மாற்றினால் அந்தக் கையெழுத்து செல்லாது. எங்கள் மாதிரிக் கடைக்கு இது அதிகப்படி. ஒரு குமாஸ்தா, "கையெழுத்து இருக்குல்லக்கா, அப்ப நம்பலாம்ல" என்றார். பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்குவீர்களா அண்ணே என்றேன். சிரித்துவிட்டார்.

மைக்ரோசாஃப்டின் வரையும் மென்பொருளான விசியோவில் போட்ட பைல் கொண்டுவருகிறவர்களுக்குச் சுருக்கமாக. பெயரின் கடைசியில் 'விஎஸ்டிஎக்ஸ்' என்று இருந்தால் அதில் மேக்ரோ இருக்காது, 'விஎஸ்டிஎம்' என்றால் இருக்கலாம், பழைய 'விஎஸ்டி'யிலும் இருக்கலாம். 2022-இலிருந்து, இணையத்தில் இறக்கிய பைல் என்றால் மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் சிவப்புப் பட்டை காட்டி மேக்ரோவை அடைத்தே விடுகிறது, 'எனேபிள்' பட்டன்கூட அங்கே இருக்காது. அனுப்பியவரைப் போனில் கூப்பிட்டு அவர்தான் அனுப்பினார் என்று உறுதி செய்த பிறகு, பைலின் மேல் ரைட் கிளிக், 'ப்ராப்பர்டீஸ்', கீழே 'அன்பிளாக்' என்ற கட்டத்தில் டிக் செய்தால் திறக்கும். நான் அதுவும் செய்வதில்லை. பிடிஎஃப் வாங்கிக்கொண்டு என் பாட்டுக்கு டிராவில் புதிதாக வரைந்துவிடுவேன்.

சென்ற மாதம் அந்த 33 அடி மனைக் குமாஸ்தா மறுபடி வந்தார். அதே பைலில் பாதை அகலத்தை மாற்ற வேண்டுமாம். நான் மேக்ரோவைக் கழற்றிக் கொடுத்திருந்த பிரதியைத்தான் பென் டிரைவில் வைத்திருந்தார். திறந்தேன். மேலே எதுவும் இல்லை, படம் மட்டும் பளிச்சென்று நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"என்னக்கா, மஞ்சளா ஒண்ணு வருமே, அதக் காணோம். பைல் கெட்டுப்போச்சா?"